சோமாலியா: வெளியார் துணையும் உள்ளூர் உடன்பாடும்

2022 மே 15 அன்று சோமாலியாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மொகதிஷு விமான நிலைய வளாகத்துக்குள் ஒரு கூடாரம் போன்ற மண்டபத்தில் கூடி, ஹசன் ஷேக் மொஹமூதைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2017இல் மொஹமது அப்துல்லாஹி ஃபர்மாஜோ தேர்வானதும் அதே வளாகத்தில்தான். வெளியே ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் காவல், நகரில் ஊரடங்கு. வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சில நூறு பேர். அவர்களில் பெரும்பாலோரை அந்த இடத்துக்கு அனுப்பியவை குலப் பெரியவர்கள் ஒப்புதலோடு அமைக்கப்பட்ட சிறு குழுக்கள். மக்கள் நேரடியாக வாக்களித்து நாடு முழுமைக்குமான நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது கடைசியாக 1969 மார்ச்சில். அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது.

அந்த மண்டபத்தைக் காத்த படை, அதற்குச் சோறும் தண்ணீரும் எரிபொருளும் கொண்டுவந்த ஐ.நா. அலுவலகம், படையினரின் படிக்காசைக் கொடுத்த ஐரோப்பிய ஒன்றியம், அரசின் வரவுசெலவைத் தாங்கிய கொடைகள் என எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. உலகில் இவ்வளவு நீண்ட காலம், இத்தனை வடிவங்களில் பன்னாட்டு ஆதரவைப் பெற்ற நாடுகள் மிகச் சில. ஆகவே, மோதலில் சிதைந்த ஒரு நாட்டுக்கு உலகம் எந்த அளவுக்கு நிலைத்த ஆட்சியைத் தேடித்தர முடியும் என்று கேட்பவர்கள் சோமாலியாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் படித்து வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பத்தாண்டு ஆதரவு அங்கே ஓர் அரசைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எந்த ஏற்பாட்டின் கீழ் சேர்ந்து வாழ்வது என்று சோமாலியர்கள் தமக்குள் செய்துகொள்ள வேண்டிய உடன்பாட்டை அதனால் உண்டாக்க முடியவில்லை. சில கட்டங்களில் அந்த உடன்பாடு கூடிவந்தபோது அதைக் கலைத்ததும் அந்த ஆதரவுதான்.

சோமாலியாவில் பெரும்பாலோருக்கு ஒரே மொழி, ஒரே மதம். ஆப்பிரிக்காவின் பிற நாடுகளைப் பிளந்த இனமொழிச் சண்டை அங்கே எழக் காரணமே இல்லை என்றுதான் 1960இல் பலர் நம்பினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1 அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த வடக்கும் இத்தாலிய நிர்வாகத்தில் இருந்த தெற்கும் இணைந்து குடியரசானது. ஆனால் மேய்ச்சல் நிலமும் கிணறும் குலத்தின் வழியே உரிமையாகும் சமூகம் அது. ஒரு கொலைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய ஒட்டகங்களைத் தனிமனிதன் கொடுப்பதில்லை, குலம் சேர்ந்து கொடுக்கும். இந்த வழக்காற்றுச் சட்டத்துக்கு ஹீர் என்று பெயர். நவீன அரசு என்பது குலங்களுக்கு மேலே நிற்கும் நடுவராக இருந்தால் ஏற்கப்படும். ஒரு குலத்தின் கையில் மற்றக் குலங்களை அடிக்கும் கருவியானால் எதிர்க்கப்படும். பின்னால் நடந்தவற்றில் பெரும்பகுதிக்கு இதுவே விளக்கம்.

1969 அக்டோபரில் ஆட்சியைப் பிடித்த சியாத் பாரே, முதலில் சோவியத் ஆயுதத்திலும் பிறகு அமெரிக்க உதவியிலும் நிலைத்தார். 1977–78 ஒகாடென் போரில் சோவியத் ஒன்றியம் எத்தியோப்பியாவின் பக்கம் சாய்ந்ததும் அவரும் பக்கம் மாறினார். பனிப்போரின் கணக்கில் அவர் ஆட்சிதான் அங்கே நிலைத்தன்மை. 1988இல் வடக்கின் பெரிய நகரமான ஹர்கெய்சாவை அவருடைய விமானப்படையே குண்டுவீசி அழித்தது. விமானங்கள் அந்த நகரத்தின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பின. பல்லாண்டுகள் வெளியார் பணத்தில் வாழ்ந்த ஆட்சி, சொந்த மக்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயமே இல்லாமல் வளர்ந்திருந்தது. பனிப்போர் முடிந்து பணம் வற்றியது. 1991 ஜனவரியில் பாரே மொகதிஷுவை விட்டு ஓடினார். அரசும் அவரோடு போயிற்று.

அடுத்து வந்த பஞ்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1992 ஏப்ரலில் ஐ.நா. அனுப்பிய முதல் சிறப்புப் பிரதிநிதி அல்ஜீரியத் தூதர் மொஹமது சஹ்னூன். இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் மனிதர்களில் ஒருவர். போர்த்தலைவர்களிடம் மட்டும் பேசி முடித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. ஊர் ஊராகக் குலப் பெரியவர்கள், பெண்கள், வணிகர்கள் ஆகியோரைச் சந்தித்தார். எந்தப் படை வந்தாலும் அதற்கு அவர்களின் சம்மதம் முதலில் வேண்டும் என்றார். அப்படிப் பேசி ஐந்நூறு பாகிஸ்தான் வீரர்களுக்குச் சம்மதமும் வாங்கியிருந்தார். அந்த நேரத்தில் மேலும் மூவாயிரம் வீரர்களை அனுப்பப்போவதாக நியூயார்க்கிலிருந்து அறிவிப்பு வந்தது. அவரைக் கலக்கவே இல்லை. ஐ.நா.வின் மந்தத்தை வெளிப்படையாகக் கண்டித்த அவர் அக்டோபரில் பதவி விலக நேர்ந்தது.

டிசம்பரில் அமெரிக்கத் தலைமையில் ஏறத்தாழ 37,000 பேர் கொண்ட கூட்டுப்படை இறங்கியது. உணவுக் கிடங்குகளையும் சாலைகளையும் அது காத்தது, உயிர்கள் பிழைத்தன. இதை மறுப்பது நியாயமாகாது. 1993இல் அதனிடமிருந்து பொறுப்பேற்ற ஐ.நா. படைக்கோ ஆயுதக் களைவும் அரசுக் கட்டுமானமும் வேலையாகத் தரப்பட்டன. ஜூன் 5 அன்று 24 பாகிஸ்தான் அமைதிப்படையினர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, அந்தத் தாக்குதலுக்குக் காரணமெனக் கருதப்பட்ட போர்த்தலைவர் ஜெனரல் ஐதீதைப் பிடிப்பதே பணியின் மையமானது. ஜூலை 12 அன்று அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஒரு வீட்டின் மீது ஏவுகணைகளை வீசின. அங்கே கூடியிருந்தவர்களில் குலப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள், இறந்தார்கள். அக்டோபர் 3, 4 தேதிகளின் சண்டையில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததைப் பற்றி உலகம் இன்றும் பேசுகிறது. மொகதிஷு மக்களின் நினைவில் முதலில் வருவது ஜூலை 12. பைதோவா, கிஸ்மாயோ பகுதிகளில் பணியாற்றிய இந்திய ராணுவ பிரிகேட் 1994 இறுதியில் திரும்பியது. 1995 மார்ச்சில் ஐ.நா. முற்றாக வெளியேறியது.

பிறகு வந்தது மாநாடுகளின் காலம். ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் 2000ஆம் ஆண்டு, கென்யாவில் 2002 முதல் 2004 வரை, மீண்டும் ஜிபூட்டியில் 2008 என வெளிநாட்டு மண்ணில் சோமாலிய அரசுகள் பிறந்தன. இந்த மாநாடுகள் தந்த ஏற்பாடு ஒன்று இன்றுவரை நிலைக்கிறது. ஹவியே, தாரோத், திர், திகில்–மிரிஃப்லே என்ற நான்கு பெருங்குலங்களுக்குச் சம பங்கு. மீதமுள்ள சிறு சமூகங்கள் அனைத்துக்கும் சேர்த்து அரைப் பங்கு. நாலரை என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சண்டையை நிறுத்த ஒரு தற்காலிகக் கணக்கு அது. ஆனால் ஆற்றங்கரை வேளாண் மக்களான பாந்து சமூகத்தார் முதலியோர் அரை மனிதர்களாக எண்ணப்படும் நிலையை அது சட்டமாக்கிவிட்டது. பஞ்சம் வந்தால் முதலில் சாவதும் இவர்கள்தான்.

2006ஐப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அந்த ஜூனில் இஸ்லாமிய நீதிமன்றங்களின் கூட்டமைப்பு போர்த்தலைவர்களை விரட்டிவிட்டு மொகதிஷுவைக் கைப்பற்றியது. சாலைத் தடுப்புகள் அகன்றன. பத்தாண்டுகளுக்கு மேல் மூடிக்கிடந்த விமான நிலையமும் துறைமுகமும் திறந்தன. அந்த அமைப்புக்குள் மிதவாதிகளும் இருந்தார்கள், கடும்போக்கினரும் இருந்தார்கள். இவர்களைப் பிரித்துப் பேசிப் பார்க்க நேரமே தரப்படவில்லை. டிசம்பரில் எத்தியோப்பியப் படை அமெரிக்க ஆதரவோடு உள்ளே நுழைந்தது. நீதிமன்றங்கள் சில நாட்களில் கலைந்தன. மிதவாதிகள் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். நீதிமன்றக் கூட்டமைப்பின் இளைஞர் பிரிவாக இருந்த அல்-ஷபாப், அந்நியப் படையை எதிர்க்கும் படை என்ற பெயரோடு நாட்டுக்குள்ளேயே வளர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 2009 ஜனவரியில், எந்த அமைப்பை ஒழிக்கப் படை வந்ததோ அதன் தலைவர் ஷேக் ஷரீஃப் அகமதே உலகின் வாழ்த்தோடு குடியரசுத் தலைவரானார். 2006இலேயே அவரோடு பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கற்பனைக்குரியது. பேசாததன் விலையைச் சோமாலியர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2007 மார்ச்சில் உகாண்டா வீரர்கள் வந்திறங்கினார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமிசோம் படை அப்படித் தொடங்கியது. புருண்டி, கென்யா, எத்தியோப்பியா, ஜிபூட்டி என்று பின்னர் விரிந்து, 22,126 பேர் வரை அனுமதி பெற்றது. தெருத்தெருவாகச் சண்டையிட்டு 2011 ஆகஸ்டில் அல்-ஷபாபைத் தலைநகரிலிருந்து வெளியேற்றியது. அதற்கு முந்தைய மாதம்தான் மறுபடியும் பஞ்சம் அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்ததாகவும் அவர்களில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் பின்னர் ஆய்வு சொன்னது. அமிசோம் இல்லையென்றால் 2012இல் தற்காலிக அரசமைப்புச் சட்டமோ கூட்டாட்சி அரசோ அமைந்திருக்காது.

இந்தப் படை எப்படி இயங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால் பன்னாட்டு ஆதரவின் உள்ளமைப்பே விளங்கும். வீரர்களை அனுப்பியவை ஏழை ஆப்பிரிக்க நாடுகள். உணவு, எரிபொருள், மருத்துவ வசதி எல்லாம் ஐ.நா. உறுப்பு நாடுகளின் கட்டாயப் பங்களிப்பிலிருந்து. மாதந்தோறும் ஒரு வீரருக்கு 1,028 டாலர் படி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து. அதில் ஒரு பகுதியை அவரவர் அரசு பிடித்துக்கொள்ளும். 2016இல் ஐரோப்பா தன் பங்கில் 20 விழுக்காட்டைக் குறைத்தபோதே படை தளர்ந்தது. அந்த ஜனவரியில் எல் அதே முகாம் அல்-ஷபாபிடம் வீழ்ந்து ஏராளமான கென்ய வீரர்கள் இறந்தார்கள். மற்றவர் பணத்தில், மற்றவர் பிள்ளைகளைக் கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டிய காவல் அது. 2022 ஏப்ரலில் அத்மிஸ் என்றும் 2025 ஜனவரியில் அவ்சோம் என்றும் பெயர் மாறியது; நிதிக்கு நிரந்தர வழி மட்டும் பிறக்கவில்லை. செலவில் 75 விழுக்காடு வரை ஐ.நா. கட்டாய நிதியிலிருந்து எடுக்கலாம் என்று பாதுகாப்பு கவுன்சில் 2023 டிசம்பரில் 2719ஆம் தீர்மானத்தில் வழி வகுத்தது. அதைச் சோமாலியாவுக்குப் பொருத்த அமெரிக்கா சம்மதிக்கவில்லை.

அயல்படை போகும்போது பொறுப்பேற்க வேண்டியது சோமாலிய ராணுவம். அதை உருவாக்க முன்வராத நாடே இல்லை எனலாம். தனப் என்ற சிறப்புப் படையை அமெரிக்கா பயிற்றுவித்தது. கோர்கோர் படையைத் துருக்கி, 2017இல் மொகதிஷுவில் திறந்த தன் பெரிய முகாமில் வளர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், எரித்திரியா என ஒவ்வொருவரும் ஒரு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு ஆயுதம், வேறு சம்பளம், வேறு விசுவாசம். 2021 பிப்ரவரியில் பதவிக்காலம் முடிந்த ஃபர்மாஜோ, ஏப்ரலில் தன் ஆட்சியை இரண்டு ஆண்டு நீட்டிக்கச் சட்டம் செய்தபோது இந்தக் குறை பட்டப்பகலில் தெரிந்தது. ராணுவம் குலவாரியாகப் பிளந்து தலைநகரின் தெருக்களில் சுட்டுக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் அவர் பின்வாங்கினார். தூதரகங்களின் கண்டன அறிக்கைகள் அதற்கு உதவின என்பது உண்மைதான். ஆனால் அவரை அசைத்தது தெருவில் எழுந்த எதிர்ப்பு என்பதே என் கணிப்பு.

வளைகுடா நாடுகளின் போட்டியும் இந்தப் பிளவில் நெய் ஊற்றியது. 2017இல் கத்தாருக்கும் சவூதி, அமீரகத் தரப்புக்கும் முறிவு ஏற்பட்டதும், மொகதிஷு ஒருபக்கமும் மாநில அரசுகள் மறுபக்கமும் இழுக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் அமீரக விமானத்திலிருந்து 96 லட்சம் டாலர் ரொக்கத்தை மொகதிஷு அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அமீரகம் தன் பயிற்சித் திட்டத்தை மூடிவிட்டது. பந்த்லாந்து போன்ற மாநிலங்கள் நேரடியாகவே வெளிநாடுகளோடு படை உறவு வைத்திருக்கின்றன. கூட்டாட்சி என்று ஏட்டில் இருக்கிறது. நடைமுறையில் தனித்தனிப் புரவலர்களைக் கொண்ட ஆட்சிகள்.

அல்-ஷபாப் எப்படி இத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறது? 2017 அக்டோபர் 14 அன்று ஒரே லாரிக் குண்டுவெடிப்பில் ஏறத்தாழ 600 பேர் இறந்தார்கள். இவ்வளவு கொடுமை செய்யும் அமைப்புக்கு மக்கள் அன்பு கிடைக்க வழியில்லை. ஆனால் அது வரி வாங்குகிறது, ரசீது கொடுக்கிறது, ஒரே சரக்குக்கு இரண்டாம் முறை வாங்குவதில்லை. அரசின் கட்டுப்பாட்டில் உள்ள மொகதிஷுவில் நில வழக்கு உள்ளவர்கள்கூட ஊருக்கு வெளியே போய் அதன் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி வருகிறார்கள். அந்தத் தீர்ப்பு நிறைவேறும் என்று நம்புகிறார்கள். அச்சத்தின் மேல் நிற்கும் ஒழுங்குதான். அதற்கு மாற்றாக அரசு தர வேண்டிய நேர்மையான நீதிமன்றத்தைக் கட்ட, படைப்பயிற்சிக்குச் செலவான பணத்தில் சிறு பங்கே ஒதுக்கப்பட்டது. 2022இல் ஹிரான் பகுதி மக்கள் தாமே ஆயுதமெடுத்து அல்-ஷபாபை எதிர்த்தார்கள். அரசும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டு டிசம்பரில் அதன் முக்கியத் தளமான ஆதன் யபால் மீட்கப்பட்டது. படை சென்ற இடத்துக்கு நிர்வாகம் பின்தொடரவில்லை. 2025 ஏப்ரலில் அந்த ஊர் மறுபடியும் அல்-ஷபாப் கைக்குப் போயிற்று.

எல்லாம் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. பண நிர்வாகத்தில் நடந்த வேலை அதற்குச் சான்று. 2013இல் மத்திய வங்கியின் ஆளுநர் பதவியேற்ற ஏழு வாரங்களில், முறைகேட்டுக்குத் துணைபோகும்படி அழுத்தம் தரப்படுவதாகச் சொல்லி விலகினார். அந்த அதிர்ச்சிக்குப் பின், சோமாலிய அதிகாரிகளும் கொடையாளர் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் அமர்ந்து அரசு ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் குழு 2014இல் அமைந்தது. ராணுவச் சம்பளம் அதிகாரிகளின் கையால் போகாமல் வீரர் கணக்குக்கே போகத் தொடங்கியது. 2020 மார்ச்சில் கடன் நிவாரணத்தின் முதல் படி. 2023 டிசம்பர் 13 அன்று நிறைவு. 2018இல் 520 கோடி டாலராக, நாட்டின் மொத்த உற்பத்தியில் 64 விழுக்காடாக இருந்த வெளிக்கடன் 6 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியது. இரண்டு குடியரசுத் தலைவர்கள், கசப்பான ஆட்சி மாற்றம், கோவிட், வறட்சி எல்லாவற்றையும் தாண்டி இந்த ஒன்று மட்டும் தடம் மாறாமல் போனது. காரணம் தெளிவு. இலக்கு இன்னதென்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. வெகுமதி முழு நாட்டுக்கும் போய்ச்சேர்வதாக இருந்தது. எந்த ஒரு தலைவரையும் அது தாங்கிப் பிடிக்கவில்லை.

கடன் தீர்ந்தாலும் வருவாய் வரவில்லை. உள்நாட்டு வரி வருவாய் மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டையொட்டியே இருக்கிறது. அரசின் வரவுசெலவில் பாதிக்கு மேல் கொடை. நாட்டைத் தாங்குவதில் பெரும்பங்கு புலம்பெயர்ந்த சோமாலியர்கள் ஆண்டுதோறும் அனுப்பும் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட பணம். அந்த வழியையும் உலகம் சில நேரம் அடைத்தது. 2001 நவம்பரில் அல்-பரகாத் என்ற மிகப்பெரிய பணமாற்று நிறுவனத்தைப் பயங்கரவாதச் சந்தேகத்தில் அமெரிக்கா மூடியது. குற்றம் நிரூபணமாகவில்லை. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தப் பணத்தை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு எந்த அறிக்கையிலும் முழுதாகப் பதிவாகவில்லை.

இதே சோமாலியர்கள், இதே குல அமைப்பு, ஆனால் ஏறத்தாழ வெளியார் துணையே இல்லாமல் வடக்கே நடந்ததை ஒப்பிட்டாக வேண்டும். 1991 மே 18 அன்று தனிநாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில், 1993இல் பொராமா நகரில் குலப் பெரியவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதியை உள்ளூர் மக்களே ஏற்றார்கள். கெடு விதிக்க ஆளில்லை. திரும்பிப் போக விமானச் சீட்டும் இல்லை. பேச்சு முடியும்வரை பேசினார்கள். பெரியவர்கள் சபையையே நாடாளுமன்றத்தின் மேலவையாக வைத்துக்கொண்டார்கள். ஆட்சி நடத்தப் பணம் வேண்டியிருந்தபோது கால்நடை வணிகர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. அவர்கள் அமைதியைக் கேட்டார்கள். 2003 தேர்தலில் வெற்றி வித்தியாசம் முதலில் 80 வாக்குகள் என்று அறிவிக்கப்பட்டது. தோற்றவர் தீர்ப்பை ஏற்றார், துப்பாக்கி எழவில்லை. 2010இலும் 2024இலும் ஆளுங்கட்சி தோற்று விலகியது. ஆய்வாளர் சாரா பிலிப்ஸ் 2020இல் வெளியிட்ட நூலில், உதவி வராததே உள்ளூர் உடன்பாட்டுக்கு இடம் தந்தது என்று வாதிடுகிறார்.

இதை வேதமாகக் கொள்ளவும் முடியாது. அந்த மேலவை இன்றுவரை மக்களால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 2005க்குப் பின் அடுத்த கீழவைத் தேர்தல் நடக்கப் பதினாறு ஆண்டு ஆயிற்று. 2023இல் கிழக்கு விளிம்பிலுள்ள லாஸ் அனோத் நகர மக்கள் தாங்கள் இந்த உடன்பாட்டில் சேரவே இல்லை என்று எழுந்தார்கள். சோமாலிலாந்தின் படை அந்நகரைப் பீரங்கியால் தாக்கியது, ஆகஸ்டில் தோற்றுப் பின்வாங்கியது. 1988இல் குண்டுவீச்சில் பிறந்த ஓர் அரசியல், தன் விளிம்பில் இருந்த குலத்திடம் அதே வழியைக் கையாண்டது மன்னிக்க முடியாதது. ஒப்புதல் பெற்ற பரப்பு வரைக்கும்தான் அமைதி நிலைத்தது என்ற பாடம் அங்கேயும் உறுதிப்பட்டது.

சோமாலியாவின் மற்றப் பகுதிகளில் அந்த ஒப்புதல் இன்று மேலும் சுருங்கி வருகிறது. 2012 முதல் தற்காலிகமாகவே இருந்த அரசமைப்பின் முதல் நான்கு அத்தியாயங்களை 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் திருத்தியது. தன்னைக் கலக்காத திருத்தத்தை ஏற்க முடியாது என்று பந்த்லாந்து மத்திய அரசோடு உறவை முறித்தது. நவம்பரில் ஜுபாலாந்து மாநிலமும் முறித்தது; டிசம்பரில் ராஸ் கம்போனியில் மத்தியப் படையும் மாநிலப் படையும் மோதிக்கொண்டன. நேரடித் தேர்தல் வேண்டும் என்ற நோக்கம் சரியானதுதான். யார் எதை ஆள்வது என்பதே முடிவாகாத நிலையில் அதை ஒரு தரப்பு மட்டும் திணித்தால் தேர்தலே அடுத்த சண்டைக்குக் களமாகும்.

இதற்கிடையே உலகம் மூட்டை கட்டுகிறது. ஐ.நா.வின் அரசியல் பணி 2024 நவம்பரில் இடைமாற்றுப் பணியாகச் சுருக்கப்பட்டு, 2026 அக்டோபருக்குள் முடித்துக்கொள்ளும்படி திட்டமிடப்பட்டது. 2025இல் அமெரிக்க உதவி வெட்டப்பட்டதும் ஊட்டச்சத்து மையங்களும் மருத்துவ நிலையங்களும் மூடின. பசித்த குழந்தையின் கஞ்சியை முதலில் வெட்டி, படைப்பயிற்சியைக் கடைசிவரை தொடரும் வரிசை எனக்கு ஏற்புடையதல்ல. மனிதநேய உதவி எந்த அரசியல் கணக்கோடும் சேராமல் தனியே காக்கப்பட வேண்டும்.

அரசியல் ஆதரவைப் பொறுத்தவரை, இனிக் கிடைக்கும் குறைந்த பணத்தை மூன்று இடங்களில் செலவிடுவதே தகும் என்று கருதுகிறேன். மொகதிஷு துறைமுகத்தின் சுங்க வருவாயையும் மீன்பிடி உரிமக் கட்டணத்தையும் மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் கணக்கு வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். கடன் நிவாரணத்தைப் போல இதற்கும் எல்லார்க்கும் தெரிந்த படிகளும் வெகுமதியும் வேண்டும். மீட்கப்படும் ஒவ்வோர் ஊருக்கும் படை போவதற்கு முன்பே நீதிபதியும் மாவட்ட நிர்வாகமும் தயாராக இருக்க வேண்டும். துருக்கி, அமீரகம், எகிப்து, எத்தியோப்பியா, கென்யா ஆகியவை தரும் ஆயுதமும் சம்பளமும் ஒரே கட்டளையின் கீழ் வர வேண்டும். 2024 ஜனவரியில் எத்தியோப்பியாவும் சோமாலிலாந்தும் செய்த கடல்வழி ஒப்பந்தத்தால் எழுந்த போர் அச்சத்தை, அதே ஆண்டு டிசம்பரில் அங்காராவில் துருக்கி எத்தியோப்பியாவையும் சோமாலியாவையும் அமர்த்திப் பேசித் தணித்தது. பந்த்லாந்தையும் ஜுபாலாந்தையும் மொகதிஷுவோடு அமர்த்திப் பேச அதே அளவு பொறுமை காட்டும் நாடு இதுவரை முன்வரவில்லை. 2012இல் தள்ளிவைத்த அதிகாரப் பகிர்வுக் கேள்விகள் அந்த மேசைக்காகவே காத்திருக்கின்றன.